குழவியின் அழுகையும் புட்டிப் பாலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை என்றால் அங்கே இலக்கியம் முழங்கும், இசை பொழியும். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் சிலம்பையும் கம்பனையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நானோ, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் இந்நகரத்தின் நகராட்சி மருத்துவமனைகளில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நான் கற்ற நூல்கள் பெரும்பாலும் நோயாளிகளின் கட்டிலில் தொங்கிய சீட்டுகளே. ஆதலின், பேசச் சொன்ன சங்கத்தாரிடம், “எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றித்தான் பேசுவேன், அது மேடைக்கு உகந்ததன்று என்று கருதினால் என்னை விட்டுவிடுங்கள்” என்றேன். அவர்கள் விடவில்லை. எனவே, இரவு இரண்டு மணிக்கு வீறிட்டு அழுகின்ற கைக்குழந்தையைப் பற்றியும், அதன் வயிற்றுப் பொருமலைப் பற்றியும், அலமாரியில் வரிசையாக நிற்கும் பால்மாவு டின்களைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச வந்திருக்கின்றேன்.

சிரிக்கின்றீர்கள். சிரிக்கலாம். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் அந்த இரவை அறியாதவர் ஒருவரேனும் உண்டா? பிள்ளைத்தமிழ் பாட வந்த புலவர்கள் மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தைத் தொடங்க வேண்டும் என்று பாட்டியல் நூலார் விதித்தார்கள். முதல் இரண்டு திங்களை அவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்பதற்குப் புலவர்கள் வேறு விளக்கம் கூறுவார்கள். செவிலியாகிய எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அந்த இரண்டு திங்களும் வீட்டில் எவரும் உறங்கியிருக்க மாட்டார்கள், உறங்காதவர் பாட்டு எழுதுவது எங்ஙனம்?

என் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகின்றேன். 1981ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் குடும்பம் தாராவியில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தது. என் தலைமகன் பிறந்தான். அந்நாளில் பேறுகால விடுப்பு மொத்தம் பன்னிரண்டு வாரம். அதில் பாதியைப் பேற்றுக்கு முன்பே எடுத்துவிட்டேன். ஆகவே குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பகலில் டின்பால், இரவில் தாய்ப்பால் என்று ஏற்பாடு. பகலில் என் மாமியார் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் நாளே தொடங்கியது அழுகை. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை ஓயாது. முகம் சிவக்கும், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்வான், வயிறு தப்பட்டைபோல் இருக்கும். எங்கள் சந்தில் சுவர்கள் மெல்லியவை. ஒரு வீட்டுக் குழந்தை அழுதால் பத்து வீடு விழித்துக்கொள்ளும். பத்து வீட்டாரும் பத்து மருந்து சொன்னார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவச் சொன்னார் ஒருவர். பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசச் சொன்னார் மற்றொருவர். ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார் இன்னொருவர். கிரைப் வாட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னது ஒன்று: “இந்த டின் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டின்னை மாற்று.”

மாற்றினோம். ஒரே மாதத்தில் நான்கு டின். ஒவ்வொன்றும் எங்கள் வருமானத்தில் ஒரு பெருந்துண்டைக் கடித்துத் தின்றது. அழுகை மட்டும் மாறவில்லை.

அந்த மாத இறுதியில் தடுப்பூசிக்காகக் குழந்தையை எடுத்துச் சென்றபோது, என்னிலும் மூத்த செவிலி ஒருவர் அவனை எடைத் தட்டில் கிடத்தினார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்தில் குழந்தை ஏறியிருக்க வேண்டிய எடையில் பாதிகூட ஏறவில்லை. “புட்டியை எடு” என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய பால் கம்பி போல் ஒழுகியது. பிள்ளை சிரமமின்றிக் குடிக்கட்டும் என்று ரப்பர்க் காம்பின் துளையை ஊசியைக் காய்ச்சிப் பெரிதாக்கியிருந்தார்கள். “எத்தனை கரண்டி போடுகிறீர்கள்?” என்று அடுத்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து மாமியாரைக் கேட்டேன். டின்னில் மூன்று கரண்டி என்று எழுதியிருந்த தண்ணீருக்கு அவர் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டிருந்தார். டின் மாறினாலும் முதல் டின்னின் கரண்டியையே கழுவிக் காயவைத்து வைத்துக்கொண்டு அதாலேயே அளந்துவந்தார்.

அவரைக் குறைகூற என் நா எழவில்லை. டின்னின் விலை அவருக்குத் தெரியும். மெல்லிய வயிற்றிற்கு நீர்த்த கஞ்சியே நல்லது என்பது அவர் ஆறு பிள்ளைகளை வளர்த்துக் கற்ற பாடம். டின்னில் எழுதியிருந்ததை அவரால் படிக்க இயலாது. படித்துச் சொல்ல வேண்டியவள் நான். நாள்தோறும் மருத்துவமனையில் எத்தனையோ தாய்மார்க்கு “அளவு குறையக் கூடாது” என்று எடுத்துரைத்த நான், என் வீட்டுப் புட்டியை ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்தேன் அல்லேன். என் மகன் வாயுவால் மட்டும் அழவில்லை, தாய்மார்களே, பசியாலும் அழுதான். பசித்த பிள்ளைக்கு நாங்கள் டின்னை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவன் இன்று நல்ல நிலையில் செம்பூரில் வாழ்கின்றான். ஆயினும் அந்த எடைத் தட்டின் முள் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. அது கற்பித்த பாடத்தை உங்கள் முன் வைப்பதற்காகவே இம்மேடை ஏறினேன்.

முதலில், குழந்தை ஏன் அழுகின்றது என்பதை அறிவோம். நல்ல உடல்நலமுள்ள குழந்தையும் முதல் சில வாரங்களில் காரணம் புலப்படாமல் நெடுநேரம் அழுவதுண்டு. 1954ஆம் ஆண்டில் வெஸ்ஸல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர்: நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்திற்கு மேல் அழுதால் அதனைக் குடல்வலி அழுகை எனலாம் என்றனர். இது இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சம் அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கிவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இது உண்டு. டின்பால் குடிக்கும் குழந்தைக்கும் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அழுகை தானே அடங்கும் இயல்புடையது என்றால், அடங்கும் வேளையில் எந்த மருந்து கையில் இருக்கின்றதோ அதற்கே புகழ்மாலை விழும். நான்காவது டின்னை வாங்கியபோது அழுகை நின்றது என்றால், ஊரெல்லாம் நான்காவது டின்னின் பெருமையைப் பேசுவோம். உண்மையில் வேலை செய்தது நாட்காட்டி. வசம்புக்கும் கிரைப் வாட்டருக்கும் உள்ள புகழில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததே. வாயுவை உடைப்பதாகக் கொடுக்கப்படும் சைமெத்திக்கோன் சொட்டு மருந்தை வெறும் இனிப்பு நீரோடு ஒப்பிட்டுச் சோதித்தபோதும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

மேலும், அழும் குழந்தை காற்றை விழுங்குகின்றது. விழுங்கிய காற்று வயிற்றை உப்பச் செய்கின்றது. வாயுவால் அழுகை என்று நாம் நினைப்பது பல வேளைகளில் அழுகையால் வந்த வாயுவாக இருக்கும். ஆகவே காற்று உள்ளே போகும் வழிகளை அடைப்பதே முதல் மருத்துவம்.

புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டாக விழ வேண்டும். ஒழுகவும் கூடாது, அடைத்துக்கொள்ளவும் கூடாது. குழந்தையைப் படுக்கவைத்துப் புகட்டாமல், தலை சற்று உயர்ந்திருக்க மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காம்பு முழுதும் பாலால் நிறைந்திருக்குமாறு புட்டியைச் சாய்க்க வேண்டும். பால்மாவைக் கலக்கும்போது வேகமாகக் குலுக்கினால் நுரை எழும். அந்த நுரை காற்றே அன்றி வேறன்று. மெல்லச் சுழற்றிக் கரைத்து, நுரை அடங்கிய பின் கொடுங்கள். நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் தோளில் சாய்த்தோ மடியில் நிமிர்த்தியோ முதுகை மென்மையாகத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். சில நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம்; வந்தே தீர வேண்டும் என்று போர் தொடுக்க வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் புட்டியையே அறியார். அவர்கள் கையில் இருந்தது சங்கும் பாலாடையும். மூக்கு நீண்ட அந்தச் சிறு வெள்ளிப் பாத்திரத்தைப் பழைமை என்று ஒதுக்கினோம். இன்றோ, குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்நாட்டு மருத்துவமனைகள் பாலாடையையும் சிறு கிண்ணத்தையுமே பயன்படுத்துகின்றன. வளைவும் இடுக்கும் இல்லாததால் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது. புட்டியின் கழுத்திலும் காம்பின் மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும் அழுக்கு அதில் ஒளிய இடமில்லை.

அழுகின்ற குழந்தையை ஆற்றும் வழிகளும் உங்களுக்குத் தெரிந்தவையே. மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல நடப்பது, விளக்கைத் தணிப்பது, தாழ்ந்த குரலில் தாலாட்டுவது, வயிற்றின்மேல் வெதுவெதுப்பான கையை வலஞ்சுழியாகத் தடவுவது, கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைப்பது, விழித்திருக்கும்போது முன்கையில் குப்புறத் தாங்கிக்கொள்வது. புடவைத் தூளியில் ஆட்டினால், முகத்தைத் துணி மூடாமல் பார்த்துக்கொண்டு கண்பார்வையிலேயே வைத்திருங்கள். உறங்கிய பின் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கவல்லது. சேனை வைக்கும் வழக்கமுடையோர் இதனை நினைவிற்கொள்க. வசம்பில் அசரோன் என்னும் பொருள் உண்டு. அதை நாள்தோறும் உரைத்து ஊட்டுவது பாதுகாப்பன்று. நாட்டிங்காம் நகரத்து வில்லியம் உட்வர்ட் 1851இல் ஆக்கிய கிரைப் வாட்டரில் சாராயம் கலந்திருந்தது. குழந்தை அமைதியுற்றதன் இரகசியம் அதில் எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்று அதில் சாராயம் இல்லை. ஆயினும் ஆறு மாதம் வரை குழந்தைக்குப் பாலன்றி வேறொன்றும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதே மருத்துவர் கூற்று.

இனி டின்களுக்கு வருவோம். பால்மாவின் வரலாறு பழையதன்று. 1860களில் ஜெர்மனியில் லீபிக் என்னும் வேதியியல் அறிஞர் குழந்தை உணவொன்றை ஆக்கினார். 1867இல் சுவிட்சர்லாந்தில் ஆன்றி நெஸ்லே தம் மாவை விற்கத் தொடங்கினார். நம் நாட்டிலோ அந்நாளில் பசும்பாலினும் எருமைப்பாலே மிகுதியாக இருந்தது. அதில் கொழுப்பும் கட்டியாகும் புரதமும் கூடுதல் என்பதால் அதிலிருந்து குழந்தை உணவு செய்வது இயலாது என்று வெளிநாட்டார் கருதினர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் செய்து காட்டினர். 1960ஐ ஒட்டி ஆனந்தில் கைரா மாவட்டப் பால் கூட்டுறவினர் அம்முறையில் குழந்தை உணவு தயாரிக்கத் தொடங்கினர். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு இது ஓர் உயிர்த்துணை என்பதை மறுப்பவள் அல்லேன்.

ஆனால் உயிர்த்துணையே உயிர்க்குலைவாகவும் மாறும். கடல் கடந்த தமிழர் மிகுந்த சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டு சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் ரோட்டரி சங்கத்தார் முன் ஒரு சொற்பொழிவாற்றினார். இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து ஏழைத் தாய்மாரிடம் விற்பதைக் கண்டித்த அப்பேச்சிற்கு அவர் இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பது. அக்குரல் உலகின் காதில் விழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1981இல், என் மகன் டின்பால் குடித்த அதே ஆண்டில், உலக சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே. நம் நாடாளுமன்றம் 1992இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. 1993 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தி வலுவூட்டப்பட்ட அச்சட்டத்தின்படி இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரம் செய்யக் கூடாது. இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டக் கூடாது. டின்மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ அச்சிடக் கூடாது.

விளம்பரம் நின்றது. ஆனால் அண்டை வீட்டாரின் அறிவுரையை எந்தச் சட்டம் நிறுத்தும்? இன்று அவ்வறிவுரை கைப்பேசி வழியாகவும் வருகின்றது. அண்மையில் என் பெயரன் பிறந்தபோது என் மருமகள் ஐந்து வாரத்திற்குள் மூன்று டின்களை வரவழைத்துவிட்டாள். 1981இன் அலமாரி என் கண்முன் மீண்டும் வந்து நின்றது.

அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கின்றேன். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கான சாதாரணப் பால்மாவுகள் யாவும் அரசு விதித்த அளவுகளுக்குள் செய்யப்படுபவை. பெயர் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பதில் பெரிய வேறுபாடு இராது. ஆகையால் வயிற்றுப் பொருமலுக்காக ஒரு சாதாரண டின்னிலிருந்து இன்னொரு சாதாரண டின்னுக்குத் தாவுவதால் பயன் அரிது. முதலில் அளவைப் பாருங்கள், துளையைப் பாருங்கள், புகட்டும் முறையைப் பாருங்கள், எடையைப் பாருங்கள். இவை நான்கும் சரியாக இருந்தால் டின்னைக் குறைகூற வேண்டியதில்லை.

மாற்றித்தான் ஆகவேண்டிய நிலையும் உண்டு. பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று இருக்கலாம். மலத்தில் இரத்தமோ சளியோ கலந்து வருதல், உடலில் தடிப்பு, அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அத்தகைய குழந்தைக்குப் புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த தனிவகை மாவை மருத்துவர் எழுதித் தருவார். இரண்டு வாரமேனும் பொறுத்துப் பார்த்தே பயனை அளக்க வேண்டும். பாற்சர்க்கரை நீக்கிய மாவு பெரும்பாலும் கடும் பேதிக்குப் பின் சில நாளைக்கு மட்டும் வேண்டப்படுவது. பிறவியிலேயே பாற்சர்க்கரை செரியாமை மிக மிக அரிது. சோயா மாவையும் தாமாகத் தொடங்க வேண்டா. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுள் சிலர்க்கு அதுவும் ஒவ்வாது.

எக்காரணத்தால் மாற்றினாலும் மூன்று விதிகளை மறவாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டின்னையும் மருந்தையும் புட்டியையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று எவராலும் சொல்ல இயலாது. மாற்றியதை மறுநாளே கைவிடாதீர்கள். மலத்தின் நிறமும் இறுக்கமும் சில நாள் மாறுவது இயல்பு. பழைய டின்னின் கரண்டியைப் பழைய டின்னோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு டின்னின் கரண்டியும் ஒவ்வோர் அளவு. முதலில் தண்ணீரை அளந்து ஊற்றிப் பின்பு தலைதட்டிய கரண்டியாக மாவை இடுங்கள். குறைத்தால் குழந்தை மெலியும். மிகுத்தால் சிறுநீரகத்திற்குச் சுமையாகும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதிகளில் குழாயில் நீர் வருவது சில மணி நேரம். மீதி நேரம் பீப்பாயில் பிடித்துவைத்ததே கதி. அந்நீரை நன்கு கொதிக்கவையுங்கள். பால்மாவு கிருமி நீக்கிய பொருளன்று. அதில் அரிதாகக் கொடிய கிருமி இருக்கக் கூடும் என்பதால், கொதித்து அரை மணி நேரத்திற்கு மேல் ஆறாத, 70 பாகைக்குக் குறையாத வெந்நீரிலேயே மாவைக் கரைத்து, பின்பு குழந்தைக்கேற்ற சூட்டிற்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டா. குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். விலை கருதி அதைச் சேமித்தால் மருத்துவருக்கு அதனினும் மிகுதியாகக் கொடுக்க நேரும்.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசாமல் இப்பேச்சு நிறையாது. நம்மூர்க் கதையொன்று சொல்கின்றேன். தாராவியிலிருந்து நடந்து போகும் தொலைவில் சயான் மருத்துவமனை இருக்கின்றது; லோகமான்ய திலகர் பெயர் தாங்கிய நகராட்சி மருத்துவமனை அது. அங்கே 1989ஆம் ஆண்டு நவம்பரில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் மனமுவந்து அளிக்கும் பாலை 62.5 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, சோதித்து, உறையவைத்துக் காக்கின்றார்கள். தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் மருத்துவமனையிலேயே அது ஊட்டப்படுகின்றது. ஏழை ஒருத்தி, தான் பெயர் அறியாத இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பால் ஈகின்றாள். நம் காலடியில் நடக்கும் இவ்வறத்தை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பாலை மட்டுமே உண்பவை நூற்றுக்கு ஏறக்குறைய 64. எஞ்சியவற்றின் தாய்மாரைப் பழிக்க வேண்டா. 2017இல் திருத்திய சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. வங்கியிலும் அலுவலகத்திலும் பணிபுரியும் நம் செம்பூர், மாட்டுங்காப் பெண்களுக்கு அது கைக்கு எட்டியது. அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் தாராவிப் பெண்ணுக்கு எந்த விடுப்பு எட்டியது? அவள் ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் அவ்விடத்திற்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அவள் வீட்டில் பெரியவள் ஒருத்தி, இன்று மாலையும் இரண்டு கரண்டி மாவை மூன்று கரண்டித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கக் கூடும். தாய்மார்களே, உங்கள் வீட்டில் வேலை செய்பவள் பிள்ளை பெற்றால் இரண்டு மாதச் சம்பளத்தோடு அவளை வீட்டிலிருக்கச் சொல்லுங்கள். அது இயலாதெனின், நடுவில் ஒருமுறை போய்ப் பால் கொடுத்துவர அனுமதியுங்கள். பாலைப் பீய்ச்சித் தூய கிண்ணத்தில் வைத்துச் செல்லவும் கற்றுக்கொடுங்கள். ஒரு டின் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அது. டின்பால் தொடங்கியவளும் தாய்ப்பாலைக் கைவிட வேண்டியதில்லை. குழந்தை சப்பச் சப்பவே பால் ஊறும்.

மருத்துவரிடம் உடனே ஓட வேண்டிய அடையாளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், வயிறு கல்போல் இறுகி உப்புதல், பால் மறுத்தல், துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் வசம்பைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

இறுதியாக ஒரு சொல், ஆண்மக்களுக்கு. இரவில் அழுவது குழந்தை மட்டுமன்று. பல வீடுகளில் தாயும் அழுகின்றாள். உறக்கமில்லாதவள், உடல் நொந்தவள், “உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்ற சொல்லைக் கேட்டவள். அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கி ஒரு மணி நேரம் நடந்துவாருங்கள். எவர்க்காயினும் பொறுமை எல்லை கடந்தால், குழந்தையைப் படுக்கையில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வாசலில் நின்று மூச்சுவிட்டுத் திரும்புங்கள். எந்நிலையிலும் குழந்தையைக் குலுக்கிவிடாதீர்கள். மென்மையான மூளை தாங்காது. தாயின் துயரம் வாரக்கணக்கில் நீங்காதிருந்தால் அதுவும் ஒரு நோய், மருத்துவம் உண்டு.

என் பெயரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மூன்று டின்களில் ஒன்றை வைத்துக்கொண்டோம். என் மருமகள் கேட்கத் தயங்கிய கேள்வியை நானே கேட்டுக்கொண்டு, முதலில் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், சொட்டாகத்தான் விழுந்தது. கரண்டியை எண்ணினேன், சரியாக இருந்தது. எடையை நிறுத்தேன், ஏறியிருந்தது. “இனிப் பொறுமை ஒன்றே மருந்து” என்றேன். என் மகன் ஒவ்வோர் இரவும் அவனைத் தோளில் சுமந்து கூடத்தில் நடந்தான். மூன்றாம் மாதம் நிறைந்த ஒரு மாலையில் ஆறு மணி ஆயிற்று, ஏழு மணி ஆயிற்று, அழுகை எழவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

நீங்கள் வீடு திரும்பியதும், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், அதன் புட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கரண்டியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்க்கு டின்னில் எழுதியிருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். தமிழ்ச் சங்கம் செய்யத்தக்க தமிழ்ப் பணிகளுள் அதுவும் ஒன்று.